நகராட்சிப் பொருளாளரின் தகுதிகள்: புதுச்சேரியை முன்வைத்து

நகராட்சிப் பொருளாளர் என்பவர் ஒரு நகரத்தின் வரவுகளைப் பெற்று, பாதுகாத்து, முறையான ஆணையின் பேரில் செலவுக்கு வழங்கி, அதற்குக் கணக்குக் காட்டும் பொறுப்புடையவர். அமெரிக்காவின் சில பகுதிகளில் இவரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். இந்திய நகராட்சிகளில் அந்தப் பெயரில் தேர்ந்தெடுக்கப்படும் பதவி இல்லை. இங்கு அப்பணி ஆணையர், கணக்கு அதிகாரி, வருவாய்ப் பிரிவு, தணிக்கையாளர் எனப் பலரிடம் பிரிந்து கிடக்கிறது. பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்து பின்னர் இந்தியாவுடன் இணைந்த புதுச்சேரி, இரு வேறு நிர்வாக மரபுகளைக் கண்ட நகரம். நகரப் பணத்தை யாரிடம் ஒப்படைக்கலாம், அவருக்கு என்ன தகுதி வேண்டும் என்ற கேள்விக்கு இந்த இரு மரபுகளும் தந்த விடைகள் வேறுவேறானவை.

குருசுக்குப்பத்திலிருந்து நகராட்சிக்கு

குருசுக்குப்பம் புதுச்சேரியின் பழைய பிரெஞ்சு நகரப் பகுதிக்கு வடக்கே, வைத்திக்குப்பத்தை ஒட்டி, கடலோரத்தில் அமைந்த பகுதி. மீனவர் குப்பமாக இருந்து நகரத்துடன் சேர்ந்துவிட்ட இப்பகுதி புதுச்சேரி நகராட்சி எல்லைக்குள் வருகிறது. இங்கு வீடு வைத்திருப்பவர் நகராட்சிக்கு வீட்டு வரி செலுத்துகிறார். கடை நடத்துபவர் உரிமக் கட்டணமும், தொழில் செய்பவர் தொழில் வரியும் செலுத்துகின்றனர். சந்தையிலும் தெருவோரத்திலும் கடை விரிப்பவரிடம் நாள்தோறும் வாங்கப்படும் கட்டணத்துக்குப் புதுச்சேரியில் அடிக்காசு என்று பெயர். நகராட்சிக் கடைகளின் வாடகை, கேளிக்கை வரி ஆகியவையும் நகராட்சியின் வரவுகளாகும்.

குடிநீர் வழங்கல் புதுச்சேரியில் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் உள்ளது. துப்புரவு, உட்தெருக்கள், சந்தைகள், பிறப்பு இறப்புப் பதிவு போன்றவை நகராட்சியைச் சார்ந்தவை. எனவே ஒரு மீன் விற்பனையாளர் தரும் அடிக்காசு எங்கே போகிறது, எவர் கையெழுத்தில் வெளியே வருகிறது என்பது அவர் தெரு கூட்டப்படுமா என்ற கேள்வியுடன் நேரடித் தொடர்பு கொண்டது.

பொருளாளர் பணியின் கூறுகள்

எந்த நாட்டிலும் நகரப் பணத்தைக் கையாளும் பணியில் நான்கு கூறுகள் உள்ளன.

முதலாவது, வசூல். எவரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும் என்ற பதிவேட்டை வைத்து, வந்த தொகைக்கு ரசீது தருதல்.

இரண்டாவது, காப்பு. வந்த பணத்தை அன்றன்றே வங்கியிலோ கருவூலத்திலோ சேர்த்தல்.

மூன்றாவது, வழங்கல். செலவுக்கான ஆணை சரியானதா, அதற்கு வரவு செலவுத் திட்டத்தில் இடம் உள்ளதா, வேலை உண்மையில் முடிந்ததா என்று பார்த்த பிறகே பணம் தருதல்.

நான்காவது, கணக்குக் காட்டல். ஆண்டு முடிந்ததும் முழுக் கணக்கையும் வேறொருவர் சரிபார்க்கும் வகையில் ஒப்படைத்தல்.

இந்த நான்கில் மூன்றாவது கூறுதான் தகராறுக்கு இடமளிப்பது. செலவு செய்ய ஆணையிடுபவரும் பணத்தை எடுத்துத் தருபவரும் ஒரே ஆளாக இருந்தால், தவறான ஆணையைத் தடுக்க எவரும் இருக்கமாட்டார். கோயில் உண்டியலைத் தனி ஒருவர் திறக்காமல் பலர் முன்னிலையில் திறப்பதற்கும் இதுவே காரணம். ஆகவே பொருளாளரின் தகுதி பற்றிய விதிகள் அனைத்தும் இரண்டு வகையில் அடங்கும்: ஆளைப் பற்றிய விதிகள், அவர் அமரும் இடத்தைப் பற்றிய விதிகள்.

உத்திரமேரூர்: கணக்குக் காட்டாதவர் தகுதியற்றவர்

ஊர்ப் பணத்தைக் கையாள்பவருக்கான தகுதிகள் தமிழ்நாட்டில் விரிவாக எழுதப்பட்ட மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள கல்வெட்டுகளாகும். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் இவை வெட்டப்பட்டன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றுடன் பொன் வாரியமும் இருந்தது. பதவிக்காலம் 360 நாட்கள்.

உறுப்பினராக விரும்புபவர் 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும். வேத நூல்களில் பயிற்சி வேண்டும். கூடுதல் கல்வி உடையவருக்கு நில அளவில் தளர்வு உண்டு. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர முடியாது.

இவற்றைவிடக் கவனத்துக்குரியது தகுதியிழப்பு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினர்களும் தகுதியற்றவர்கள். தாய்வழி, தந்தைவழி, திருமண வழி உறவுகள் கல்வெட்டில் ஒவ்வொன்றாகக் குறிப்பிடப்படுகின்றன. கணக்கு ஒப்படைக்காதவர் தன் மைத்துனரையோ மருமகனையோ அந்த இடத்தில் அமர்த்தி, பழைய கணக்கை மூடிவிடக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

கணக்கு எழுதுபவருக்கும் தனி விதி இருந்தது. அவர் நேர்மையான வழியில் பொருள் ஈட்டியவராக இருக்க வேண்டும். தாம் எழுதிய கணக்கைத் தாமே ஒப்படைக்க வேண்டும். அதை முடிக்க வேறொரு கணக்கரை அமர்த்தக்கூடாது. கணக்கு ஏற்கப்பட்ட பின்னரே அவர் மீண்டும் அப்பணிக்கு வர முடியும்.

இந்த ஏற்பாட்டை இன்றைய மக்களாட்சியாகக் கருத இயலாது. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். நிலமுடைய பிராமண ஆண்களுக்கு மட்டுமே வாரியத்தில் இடம் இருந்தது. எனினும் கணக்கு ஒப்படைப்பைப் பதவிக்கான தகுதியாகவே வைத்த அந்த விதி, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் பொருந்துவதாக உள்ளது.

கம்பெனிக் காலத்துப் புதுச்சேரி

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் புதுச்சேரிக்கு நகராட்சி இல்லை. கம்பெனிக்கும் உள்ளூர் வணிகருக்கும் இடையே தலைமைத் தரகராக இருந்த தமிழர்களே பணப் போக்குவரத்தில் முக்கியப் பங்கு வகித்தனர். அவர்களுக்கு வேண்டிய தகுதிகள் வணிகர்களிடையே நம்பிக்கை, சொந்தச் செல்வம், பன்மொழி அறிவு, ஆளுநரின் ஆதரவு ஆகியவை. இவற்றுள் கடைசித் தகுதி நிலையற்றது.

அந்தப் பதவியில் இருந்த நைனியப்பப் பிள்ளை 1716-ல் ஆளுநர் எபேரின் காலத்தில் கைது செய்யப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். அவருடைய சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன. 1717-ல் அவர் சிறையிலேயே இறந்தார். பின்னர் பிரான்சில் முறையிடப்பட்டு, அவர்மீதான தீர்ப்பு தவறென ஏற்கப்பட்டது. அவருடைய உறவினரும் புகழ்பெற்ற நாட்குறிப்பாளருமான ஆனந்தரங்கப் பிள்ளை பிற்காலத்தில் துய்ப்ளேயின் கீழ் தலைமைத் துபாசியாகப் பணியாற்றினார். தரகரின் சொந்த வணிகமும் கம்பெனியின் வணிகமும் பின்னிக் கிடந்த காலம் அது. பணப் பொறுப்பில் இருப்பவரை நியமிப்பதும் தண்டிப்பதும் ஒரே அதிகாரத்தின் விருப்பமாக இருந்தால், திறமையும் நேர்மையும் கூட அவருக்குப் பாதுகாப்பு ஆகா என்பதற்கு நைனியப்பரின் வழக்கு சான்று.

பிரெஞ்சு நகராட்சி முறை

1880 மார்ச் 12-ஆம் நாளிட்ட ஆணையின்படி பிரெஞ்சிந்தியாவில் நகராட்சிக் கொம்யூன்கள் உருவாக்கப்பட்டன. முதலில் 10 கொம்யூன்கள் இருந்தன. 1907-ல் அவை 17 ஆயின. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் மேயரும் இருந்தனர். வாக்காளர் பட்டியல்கள் ஐரோப்பியர், இந்தியர் எனப் பிரிக்கப்பட்டிருந்ததால் மக்கள்தொகைக்கு ஏற்ற சமத்துவம் அதில் இல்லை. மேயரின் அலுவலகம் கடற்கரைச் சாலையில் இருந்தது. அந்தக் கட்டடத்தைப் புதுச்சேரி மக்கள் மேரி கட்டடம் என்றே அழைக்கின்றனர்.

பிரெஞ்சுப் பொது நிதி முறையின் அடிப்படை, ஆணையிடுபவரையும் கணக்கரையும் பிரித்து வைப்பதாகும். 1862 மே 31-ஆம் நாளிட்ட பொதுக் கணக்கு விதித்தொகுப்பு இதை வலியுறுத்தியது. 1882, 1912 ஆகிய ஆண்டுகளில் குடியேற்ற நாடுகளின் நிதி முறைக்கென வெளியான ஆணைகளும் இதே கொள்கையைப் பின்பற்றின. செலவுக்கு ஆணையிடும் அதிகாரம் மேயருக்கு உண்டு. பணத்தைத் தொடும் உரிமை அவருக்கு இல்லை. பணத்தை வைத்திருப்பவர் அரசின் கணக்கர். அவருக்குச் செலவைத் தீர்மானிக்கும் உரிமை இல்லை. ஒருவர் வேலையை மற்றவர் செய்ய முடியாது. கணக்கர் அல்லாத ஒருவர், அவர் மேயராகவே இருந்தாலும், பொதுப் பணத்தைக் கையாண்டால் அவரே கணக்கராகக் கருதப்பட்டு, முழுக் கணக்குக்கும் பொறுப்பாக்கப்படுவார்.

இந்தக் கணக்கர் பதவிக்கு வேண்டிய தகுதிகள் கடுமையானவை. பதவி ஏற்கும் முன் அவர் உறுதிமொழி எடுக்க வேண்டும். பிணைத்தொகை கட்ட வேண்டும். கணக்கில் குறைவு ஏற்பட்டால், அதைத் தம் சொந்தப் பணத்திலிருந்து ஈடு செய்ய வேண்டும். தவறான ஆணையின் பேரில் பணம் வழங்கியிருந்தாலும் பொறுப்பு அவருடையதே. அதனால் மேயரின் ஆணையில் குறை கண்டால் பணம் தர மறுப்பது அவருக்கு உரிமையாக மட்டுமல்லாமல் கடமையாகவும் இருந்தது. பிரான்சில் பொதுக் கணக்கர்களின் இந்தத் தனிப்பட்ட பொறுப்பு, 2023 சனவரி 1-ஆம் நாள் புதிய முறை நடைமுறைக்கு வரும் வரை நீடித்தது.

இந்த முறையில் பொருளாளர் வாக்கு கேட்டு வருபவர் அல்லர். மேயரிடம் மக்கள் கேட்பது நகரத்துக்கு என்ன செய்வார் என்பதை. கணக்கரிடம் சட்டம் கேட்பது எதற்கு மறுப்புத் தெரிவிப்பார் என்பதை.

இணைப்பும் புதிய சட்டமும்

புதுச்சேரியின் அரசியல் வரலாற்றில் நகராட்சி உறுப்பினர்களுக்குத் தனி இடம் உண்டு. 1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும் வாக்களித்தனர். 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். 1954 நவம்பர் 1-ஆம் நாள் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-ஆம் நாள் நிறைவடைந்தது.

நகராட்சி அமைப்பு அதன் பிறகும் சில ஆண்டுகள் பழைய வடிவிலேயே தொடர்ந்தது. 1973-ஆம் ஆண்டின் நகராட்சிகள் சட்டம் 1974 சனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது மேயர் பதவி மறைந்தது. நகர்ப்புறங்களில் நகராட்சிகளும், ஊரகப் பகுதிகளில் கொம்யூன் பஞ்சாயத்துகளும் அமைந்தன. நகராட்சியின் செயல் அதிகாரம் அரசு நியமிக்கும் ஆணையரிடம் வந்தது. மன்றம் கொள்கையையும் வரவு செலவுத் திட்டத்தையும் முடிவு செய்ய, ஆணையர் அதை நிறைவேற்றுவது என்பதே புதிய ஏற்பாடு.

இன்றைய நிதிப் பொறுப்பாளர்கள்

புதுச்சேரி நகராட்சியில் இன்று பொருளாளர் பணி பிரிந்து நிற்கிறது. ஆணையர் பொது நிர்வாகப் பின்னணி உடைய அரசு அதிகாரி. அவருக்குக் கணக்குப் பதிவியலில் பட்டம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. செலவுச் சீட்டுகளைச் சரிபார்ப்பது கணக்குப் பிரிவின் வேலை. வருவாய்ப் பிரிவு வரிப் பதிவேடுகளைப் பராமரிக்கிறது. புதுச்சேரி அரசின் நிதிக் கணக்குகளுக்குக் கணக்கு மற்றும் கருவூல இயக்குநரகம் உள்ளது.

இத்தகைய பணியிடத்தில் இருப்பவருக்கு நடைமுறையில் தேவைப்படும் அறிவு பலவகைப்பட்டது. ரொக்க வரவு செலவை மட்டும் எழுதும் பழைய முறை இப்போது போதாது. நகராட்சிகளுக்கான தேசியக் கணக்குக் கையேடு 2004-ல் வெளியிடப்பட்டது. அது இரட்டைப் பதிவு முறையையும், பணம் கைக்கு வராவிட்டாலும் வரவேண்டியதைப் பதிவு செய்யும் முறையையும் பரிந்துரைத்தது. இந்த மாற்றத்தில் தமிழ்நாட்டு நகராட்சிகள் நாட்டின் முன்னோடிகளாக இருந்தன.

இரு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு தெருவில் 100 வீடுகளுக்கு வரி விதிக்கப்பட்டு 60 வீட்டார் மட்டுமே செலுத்தினால், பழைய ரொக்கக் கணக்கில் 60 வீட்டு வரவு மட்டுமே தெரியும். புதிய முறையில் எஞ்சிய 40 வீட்டு நிலுவையும் கணக்கிலேயே நிற்கும். அதுபோல ஒப்பந்ததாரருக்குத் தர வேண்டிய பாக்கி, ஓய்வூதியச் சுமை ஆகியவையும் மறையாமல் தெரியும். கையில் பணம் இருப்பதாகத் தோன்றும் நகராட்சி உண்மையில் கடனில் இருக்கலாம் என்பதை இந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவரே சொல்ல முடியும்.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலச் சிற்றூர்களில் பொருளாளர் பதவி நெடுங்காலமாக உள்ளது. சில ஊர்களில் அவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார். சில ஊர்களில் நியமிக்கப்படுகிறார். அவர் பிணைப் பத்திரம் தர வேண்டும் என்பது சட்டம். தேர்தலில் நிற்பவருக்குக் கணக்கியல் கல்வி கட்டாயமில்லை என்பதால், வேட்பாளரின் பின்னணியை ஆராயும் பொறுப்பு வாக்காளரிடம் வருகிறது. இந்தக் குறையைக் கருதிப் பல ஊர்கள் தேர்தலைக் கைவிட்டு நியமன முறைக்கு மாறியுள்ளன.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. 1972-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு, ஒவ்வொரு உள்ளாட்சியிலும் நிதிக்குப் பொறுப்பான ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்கிறது. 1988-ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டம், அவர் அங்கீகரிக்கப்பட்ட கணக்காளர் அமைப்பின் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. வருவாயை மீறிச் செலவு போகும் நிலை வந்தால், அதே சட்டத்தின் 114-ஆம் பிரிவின்படி அவர் அறிவிக்கை விடுத்துப் புதிய செலவுகளை நிறுத்தலாம். 2023 செப்டம்பரில் பர்மிங்காம் மாநகராட்சியில் அத்தகைய அறிவிக்கை விடப்பட்டது. இலங்கையில் கொழும்பு மாநகர சபைக்கும் தனிப் பொருளாளர் திணைக்களம் உள்ளது.

மன்றம் இல்லாத நகராட்சி

இந்தியாவில் 1992-ல் நிறைவேறி 1993 சூன் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சி மன்றத்தின் காலம் ஐந்து ஆண்டுகள் எனவும், கலைக்கப்பட்டால் ஆறு மாதங்களுக்குள் தேர்தல் நடத்தப்பட வேண்டும் எனவும் கூறுகிறது. வரி விதிப்பு, நிதிக்குழு, கணக்குத் தணிக்கை ஆகியவற்றுக்கும் அதில் விதிகள் உள்ளன.

புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. இடையே 38 ஆண்டுகள் கடந்திருந்தன. 2006-ல் அமைந்த மன்றங்களின் காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் அறிவிக்கப்பட்ட தேர்தல் இடஒதுக்கீடு தொடர்பான சிக்கலால் நடைபெறவில்லை. தமிழ்நாட்டிலும் 2016 முதல் 2022 வரை நகர்ப்புற மன்றங்கள் இல்லாத இடைவெளி இருந்தது. 2022 பிப்ரவரி 19-ஆம் நாள் நடந்த தேர்தலுடன் அது முடிந்தது.

இந்த நிலை நகராட்சி நிதியை நேரடியாகப் பாதிக்கிறது. மன்றம் இல்லாதபோது, அதன் பணியையும் அரசு நியமித்த அதிகாரிகளே பார்க்கின்றனர். வரியை உயர்த்த முடிவு செய்பவர், செலவைத் திட்டமிடுபவர், அதை நிறைவேற்றுபவர் ஆகியோர் ஒரே நிர்வாகத்துக்குள் வந்துவிடுகின்றனர். கணக்கை எழுதும் அதிகாரி நன்கு படித்தவராகவும் நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கைப் பொதுக் கூட்டத்தில் கேட்டு வாங்க குருசுக்குப்பத்துக்கு ஓர் உறுப்பினர் இருக்கமாட்டார். சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பகுதியான புதுச்சேரி, மத்திய நிதிக்குழு மாநிலங்களுக்குப் பரிந்துரைக்கும் பங்கீட்டு வரம்புக்கு வெளியே இருப்பதும் அதன் உள்ளாட்சிகளின் நிதி நிலையுடன் தொடர்புடையது.

கடற்கரைச் சாலையின் மேரி கட்டடம் 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே சுமார் 15 கோடி ரூபாய் செலவில் மீண்டும் கட்டப்பட்டு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கட்டடம் திரும்பி வந்தபோது நகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை.

தகுதியை மதிப்பிடும் கேள்விகள்

மேற்கண்ட முறைகளிலிருந்து, ஊர்ப் பணத்துக்குப் பொறுப்பேற்கும் எவரைப் பற்றியும் கேட்கத்தக்க கேள்விகளைத் தொகுக்கலாம்.

கல்வி: வரவு செலவுத் திட்டத்தையும் இரட்டைப் பதிவுக் கணக்கையும் படித்து விளக்க அவரால் முடியுமா?

முன்பணி: இதற்கு முன் வகித்த பொறுப்பின் கணக்கை அவர் ஒப்படைத்தாரா? தணிக்கையில் எழுந்த தடைகளுக்கு விடை அளித்தாரா?

உறவும் நலனும்: நகராட்சி ஒப்பந்தம் பெறுபவருடனோ வரிப் பாக்கி வைத்திருப்பவருடனோ அவருக்குத் தொடர்பு உண்டா?

பொறுப்பு: பணம் குறைந்தால் அவர் எதை இழப்பார்? பிணையோ சட்டப்படியான பொறுப்போ அவர்மீது உள்ளதா?

இடம்: தம்மை நியமித்தவரின் ஆணையையே மறுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டா?

முதல் நான்கு கேள்விகளும் ஆளைப் பற்றியவை. பட்டம், பணி அனுபவம், நன்னடத்தை ஆகியவற்றால் இவற்றுக்கு விடை தரலாம். கடைசிக் கேள்விக்கு எந்தத் தனிமனிதரும் விடை தர முடியாது. அதற்கு விடை தர வேண்டியது சட்டமும் மன்றமும். உத்திரமேரூர் சபை அதைக் கல்லில் எழுதியது. பிரெஞ்சு முறை அதைக் கணக்கரின் சொந்தப் பணத்தின்மீது ஏற்றியது. இந்திய அரசியலமைப்பு அதைத் தேர்தலிலும் தணிக்கையிலும் வைத்துள்ளது.

தேர்தல் நடக்கும் வரை குடிமக்களிடம் எஞ்சியிருக்கும் வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அதன் 4-ஆம் பிரிவின்படி, பொது அதிகார அமைப்புகள் தங்கள் வரவு செலவுத் திட்டத்தையும் செலவு விவரங்களையும் தாமாகவே வெளியிட வேண்டும். வெளியிடாதபோது குடிமகன் ஒருவர் எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம். வீட்டு வரி ரசீது வைத்திருப்பவரானாலும் அடிக்காசு மட்டுமே கொடுத்தவரானாலும், கணக்கைக் கேட்கும் உரிமை இருவருக்கும் ஒன்றே.